பள்ளிக்குப் போகாமல் பார்ட்-66 விமானப் பராமரிப்பு லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வளைகுடாவில் ஒரு ஹேங்கரில் (விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் கூடத்தில்) மெக்கானிக்காகச் சேர்ந்தவன். ஏஎம்ஈ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியியல் பள்ளி எதிலும் படித்ததில்லை. இரவு ஷிஃப்ட்டுக்கு நடுவிலும் விடுமுறை நாளிலும் கம்பெனிப் பேருந்திலும் கிடைத்த நேரத்தில் படித்து, ஒவ்வொரு மாட்யூலாக, அதாவது ஒவ்வொரு பாடமாகத் தேர்வு எழுதி, டர்பைன் விமானங்களுக்கான பி1.1 லைசென்ஸ் வாங்கினேன். அதே வழியில் வர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் எழுதியது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் பார்ட்-66 விதிப்படி. அதனால் அதைப் பற்றித்தான் விரிவாகப் பேசுகிறேன். இந்திய லைசென்ஸ் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பள்ளிக்கே போகாமல் லைசென்ஸ் வாங்குவது விதிப்படி சரியா?

சரிதான், குறுக்கு வழி ஒன்றும் இல்லை. பார்ட்-66 என்பது 1321/2014 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறையின் மூன்றாம் இணைப்பு. அது முக்கியமாகக் கேட்பது இரண்டு: அடிப்படை அறிவுத் தேர்வுகளில் தேர்ச்சி, விமானத்தில் கைவைத்து வேலை செய்த அனுபவம். அறிவை வகுப்பறையில் பெற்றீர்களா, வீட்டில் உட்கார்ந்து பெற்றீர்களா என்பது அதற்கு முக்கியமில்லை.

வித்தியாசம் அனுபவ ஆண்டுகளில்தான் வரும். பி1.1, பி1.3, பி2 ஆகியவற்றுக்கு, பார்ட்-147 அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழு அடிப்படைப் படிப்பு முடித்தவருக்கு 2 ஆண்டு அனுபவம் போதும். தொடர்புடைய தொழிற்பயிற்சி பெற்றவர் என்று லைசென்ஸ் தரும் அமைப்பு ஏற்றுக்கொண்டால் 3 ஆண்டு. இரண்டும் இல்லாதவருக்கு 5 ஆண்டு. இதில் குறைந்தது ஓராண்டு, நீங்கள் கேட்கிற வகை விமானத்தில் அண்மையில் செய்த வேலையாக இருக்க வேண்டும். என் டிப்ளமோவை அவர்கள் தொடர்புடைய பயிற்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டையும் முழுதாகக் காட்டித்தான் வாங்கினேன். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: வேலை இல்லாமல் படிப்பை மட்டும் வைத்து இந்த லைசென்ஸை வாங்க முடியாது. ஹேங்கரில் இடம் கிடைக்காத ஒருவருக்குப் பள்ளி வழிதான் நல்லது. அங்கே நடைமுறைப் பயிற்சியும் பாடத்தின் பகுதியாகவே வந்துவிடும்.

ஏ, பி1, பி2 என்று கேள்விப்படுகிறேன். நான் எதை எடுப்பது?

ஏ என்பது லைனில், அதாவது பயணங்களுக்கு இடையே நடக்கும் பராமரிப்பில், சில குறிப்பிட்ட எளிய வேலைகளைச் செய்து, தான் செய்த வேலைக்குத் தானே கையெழுத்துப் போடுவது. பி1 என்பது விமானக் கட்டமைப்பு, எஞ்சின், மெக்கானிக்கல் அமைப்புகள், மின் அமைப்புகள். பி1.1 டர்பைன் விமானம், பி1.2 பிஸ்டன் விமானம், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர், பி1.4 பிஸ்டன் ஹெலிகாப்டர். பி2 ஏவியானிக்ஸும் (விமான மின்னணுக் கருவிகள்) மின் அமைப்புகளும். 2,000 கிலோவுக்கு மேற்படாத, அழுத்தக் கேபின் இல்லாத சிறிய பிஸ்டன் விமானங்களுக்கு பி3. பேஸ் பராமரிப்பு, அதாவது ஹேங்கரில் நடக்கும் பெரிய பராமரிப்பு முடிந்த பெரிய விமானத்தை மொத்தமாக விடுவிப்பவர், அதாவது பறக்க அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுபவர் சி.

தினமும் கை எதன்மேல் படுகிறதோ அதை எடுங்கள். எஞ்சின் ஷாப்பிலும் லேண்டிங் கியரிலும் வேலை பார்த்துக்கொண்டு, 'பி2-க்குச் சம்பளம் அதிகமாம்' என்று அதை எடுத்தவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் படிப்பவனுக்கு ஆசிரியர் அவன் செய்யும் வேலைதான்.

மொத்தம் எத்தனை தேர்வு? எப்படி இருக்கும்?

பி1.1-க்கு 13 மாட்யூல்: கணிதம், இயற்பியல், மின்னியல் அடிப்படை, எலக்ட்ரானிக்ஸ் அடிப்படை, டிஜிட்டல், பொருள்களும் உதிரிகளும், பராமரிப்பு முறைகள், காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், விமானச் சட்டம் என்று 1 முதல் 10 வரை. அப்புறம் 11 (டர்பைன் விமானத்தின் கட்டமைப்பும் அமைப்புகளும்), 15 (காஸ் டர்பைன் எஞ்சின்), 17 (புரொப்பெல்லர்). பி2-க்கு 11, 15, 17-க்குப் பதிலாக 13, 14.

மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு கேள்விக்கு 75 வினாடி என்பது கணக்கு. 40 கேள்வி என்றால் 50 நிமிடம், அதில் 30 சரியாக இருக்க வேண்டும், அதாவது 75 சதவீதம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதனால் எதையும் விடாமல் எழுதிவிட்டு வாருங்கள். 7, 9, 10 மாட்யூல்களில் வெகுகாலம் கட்டுரைக் கேள்வியும் இருந்தது. பாடத்திட்டம் 2023-இல் திருத்தப்பட்டு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சீனியர் தந்த பழைய நோட்ஸில் 7ஏ, 9ஏ, 17ஏ என்றெல்லாம் பார்த்தால், அது எந்தப் பாடத்திட்டத்துக்கானது என்று சரிபார்த்த பிறகே படியுங்கள். தேர்வு முறையின் இன்றைய விவரத்தைப் பதிவு செய்யும்போதே மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாடத்திட்ட அட்டவணையில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே 1, 2, 3 என்று நிலை போட்டிருக்கும். 1 என்றால் அறிமுகம், 2 என்றால் பொதுவான அறிவு, 3 என்றால் ஆழமான அறிவு. உங்கள் வகைக்கான பத்தியில் 1 என்று இருக்கிற தலைப்புக்கு மூன்று வாரம் செலவிடாதீர்கள். நான் அந்தத் தவற்றை மாட்யூல் 4-இல் செய்தேன். பி2-க்கான ஆழத்தில் டிரான்சிஸ்டர் சர்க்கிட் எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

எந்த வரிசையில் எழுதுவது?

எண் வரிசை கட்டாயம் இல்லை. முதலில் 8, 9 இரண்டையும் எழுதச் சொல்வேன். சிறியவை, படிக்கவும் பிடிக்கும், தேர்வு எப்படி நடக்கிறது என்ற பயமும் போய்விடும். அப்புறம் 1, 2 சேர்த்து. 3, 4, 5 மூன்றையும் ஒரே தொடராகப் படியுங்கள், நடுவில் வேறு எதையும் நுழைக்காதீர்கள். 6, 7 இரண்டும் ஹேங்கர்காரனுக்குச் சொந்த ஊர் மாதிரி. 11-ம் 15-ம் மலை. அவற்றைக் கடைசிக்கு விட்டாலும், முதல் நாளிலிருந்தே வேலையோடு வேலையாகக் குறிப்பு எடுத்துக்கொண்டே வாருங்கள்.

முதல் தேர்வில் தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் பெற்ற தேர்ச்சிகள்தான் செல்லும். பத்து வருடம் என்றால் நிறையத் தோன்றும். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று போனால் நிறைய இல்லை.

கணக்கு எனக்கு வராது. பள்ளியிலேயே பயம். என்ன செய்வது?

மாட்யூல் 1-இல் பெரிய கணக்கு எதுவும் இல்லை. பின்னம், விகிதம், அடுக்கு, எளிய சமன்பாடு, முக்கோணவியல், வரைபடம் வாசிப்பது, இரும எண்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போட்டாலே பெரும்பகுதி முடியும். பயம் வருவது, இது எதற்கு என்று தெரியாததால்தான். எதற்கு என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1983 ஜூலை 23. ஏர் கனடா 143, புத்தம் புதிய போயிங் 767. எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. டேங்கில் உள்ளதைக் கையால் அளந்து பார்த்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. இன்னும் எத்தனை லிட்டர் ஏற்ற வேண்டும்? பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த எரிபொருள் ஒரு லிட்டர் 0.803 கிலோ. 7,682 லிட்டர் என்பது ஏறத்தாழ 6,169 கிலோ. பாக்கி 16,131 கிலோ. அதை 0.803-ஆல் வகுத்தால் 20,088 லிட்டர்.

அன்று பயன்படுத்தியது 0.803 அல்ல, 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1.77 வைத்துப் போட்டால் 4,917 லிட்டர் போதும் என்று வருகிறது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஏற்றினார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதையில் மிதந்து வந்து இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். தரைப் பணியாளர்களும் விமானிகளும் சேர்ந்து அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள்; கணக்கில் பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகை மட்டும் யாரும் பிடிக்கவில்லை.

இதைப் படித்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எண்ணை எழுதினால் அலகையும் எழுதாமல் பேனாவை எடுப்பதில்லை. தேர்விலும் சரி, டாஸ்க் கார்டிலும் (வேலை விவரத் தாள்) சரி.

இயற்பியல், மின்னியல் பாடங்களை ஆசிரியர் இல்லாமல் எப்படிப் புரிந்துகொள்வது?

அன்றைக்குச் செய்த வேலையைப் பாடத்துக்குள் கொண்டுபோங்கள். நான் கடைப்பிடித்த முறை இதுதான்: ஒரு நாள் வேலை, நோட்டில் ஒரு பக்கம். உதாரணமாக, இன்று மெயின் வீல் மாற்றினீர்கள் என்று வையுங்கள். டயரில் ஏன் சாதாரணக் காற்று இல்லாமல் நைட்ரஜன்? ஆக்சிஜன் உள்ளே இருந்தால், பிரேக் கடுமையாகச் சூடாகும்போது தீப்பிடிக்க, வெடிக்க வழி உண்டு. நைட்ரஜன் அப்படி எரிய உதவாது, ஈரமும் இருக்காது. டயர் அழுத்தத்தை ஏன் ஆறிய பிறகு பார்க்கச் சொல்கிறார்கள்? கன அளவு மாறாத வாயு சூடானால் அழுத்தம் ஏறும். அதுதான் மாட்யூல் 2-இல் வரும் வாயு விதி. சூடான டயரில் அளவு சரியாக இருக்கிறது என்று விட்டால், ஆறும்போது குறைந்துவிடும். வீலில் இருக்கும் ஃப்யூசிபிள் பிளக் எந்த உலோகக் கலவை, ஏன் உருகுகிறது? மாட்யூல் 6. பேரிங் கிரீஸ், ஆக்சில் நட் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை)? மாட்யூல் 7. பிரேக் எப்படி ஹைட்ராலிக்கோடு இணைகிறது, ஆன்டிஸ்கிட் என்ன செய்கிறது? மாட்யூல் 11. வேலை முடிந்ததும் யார் கையெழுத்துப் போட்டார், எந்த உரிமையில்? மாட்யூல் 10. ஒரு வீல் மாற்றத்தில் ஐந்து பாடம் இருக்கிறது. இப்படி இருநூறு பக்கம் சேர்ந்தால் எந்தப் புத்தகமும் அதற்கு ஈடாகாது.

மின்னியலும் அப்படியே. விமானத்தில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். நம் வீட்டில் 50 ஹெர்ட்ஸ். ஏன் இந்த வித்தியாசம் என்று கேளுங்கள். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் எல்லாவற்றிலும் இரும்பு குறையும், எடை குறையும். அப்புறம் சூத்திரம் தானாக உட்காரும்: காந்த முனைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் அதிர்வெண். 8 முனை, 6,000 சுழற்சி என்றால் 400. 2 முனை, 24,000 சுழற்சி என்றாலும் 400. எஞ்சின் வேகம் கூடிக் குறையும்போது இந்த 400 மட்டும் எப்படி மாறாமல் நிற்கிறது என்று கேட்டால், ஐடிஜி-க்குள் (சுழற்சி வேகத்தை மாறாமல் வைக்கும் ஜெனரேட்டர்) போய்விடுவீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் ஹேங்கரில் உள்ள பி1 சாரிடம் டீ நேரத்தில் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்லித் தராதவர் ஒருவர்கூட இல்லை.

மாட்யூல் 7 தெரிந்த வேலைதானே, அதைப் படிக்க வேண்டுமா?

நான் அப்படி நினைத்துத்தான் முதல் முறை தோற்றேன். கை செய்கிற வேலைக்கும், அது ஏன் அப்படி என்று சொல்வதற்கும் இடைவெளி இருக்கிறது. ஒரு சின்னச் சோதனை: 25 செ.மீ. நீளமுள்ள டார்க் ரெஞ்சின் முனையில் 5 செ.மீ. நீட்டிப்பை நேர்கோட்டில் மாட்டுகிறீர்கள். நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் கிடைக்க வேண்டும். ரெஞ்சில் எவ்வளவு வைப்பீர்கள்? 100-ஐ 25-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 83.3. ரெஞ்சில் 100 என்றே வைத்து இறுக்கினால் நட்டுக்குப் போவது 120. பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் இதில் சறுக்குகிறார்கள்.

என்ன புத்தகம் வாங்குவது? பணம் அதிகம் ஆகுமா?

காசில்லாமல் தொடங்கலாம். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, மெக்கானிக்குகளுக்காக மூன்று பெரிய கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது: பொது, ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட். படங்கள் நன்றாக இருக்கும். 3, 6, 7, 11, 15, 17 மாட்யூல்களுக்கு அடித்தளமாக இவற்றையே படித்தேன். ஆனால் அவை அமெரிக்க லைசென்ஸுக்கு எழுதப்பட்டவை. பார்ட்-66 பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பாக அடித்துக்கொண்டே வாருங்கள். விடுபட்டது எது என்று தெரியும். சட்டத்துக்கு மட்டும் அமெரிக்கப் புத்தகம் உதவவே உதவாது. மாட்யூல் 10-க்கு இயாசாவே விதிகளை விளக்கங்களோடு தொகுத்து இலவசமாக வெளியிடுகிறது, அதையே படியுங்கள். பார்ட்-எம் (பறக்கும் தகுதியைத் தொடர்ந்து காப்பது), பார்ட்-145 (பராமரிப்பு நிறுவனங்கள்), பார்ட்-66, பார்ட்-147, கேமோ (பறக்கும் தகுதியை நிர்வகிக்கும் நிறுவனம்) ஆகியவற்றில் யார் யாருக்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தால் பாதிச் சட்டம் வந்துவிடும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால், பார்ட்-66-க்கென்றே எழுதிய புத்தகங்களில் 11-க்கும் 15-க்கும் மட்டும் வாங்குங்கள். மற்றதைச் சீனியரிடம் கடன் கேட்கலாம்.

கேள்வித் தொகுப்பு கிடைக்கிறது. அதை மட்டும் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்கிறார்களே?

சிலர் தேறுகிறார்கள், அது உண்மை. ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தத் தொகுப்புகளில் தவறான விடைகள் நிறைய. ஒருவர் தப்பாக எழுதியது பத்து வருடமாகக் கைமாறி வருகிறது. எது தப்பு என்று கண்டுபிடிக்கப் பாடம் தெரிய வேண்டும். பாடம் தெரிந்தால் தொகுப்பை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

படித்து முடித்த பிறகு பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். ஒரு விடை சரி என்றால் ஏன் சரி, மற்ற இரண்டும் ஏன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத கேள்வியை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னும் ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு விமானத்தை விடுவித்து நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதில் ஏறுகிறவர்கள் யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. ஒரு ஹைட்ராலிக் கசிவு அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று இரவு மூன்று மணிக்கு முடிவு செய்யும்போது, மனப்பாடம் செய்த 'பி' விடை துணைக்கு வராது.

மனிதக் காரணிகள் பாடம் வெறும் பேச்சுதானே?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான், என் வேலை முறையையே மாற்றியது. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி ஒன்-லெவன் விமானம். பர்மிங்ஹாமில் இருந்து புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது கேப்டன் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

அந்தக் கண்ணாடியை முந்தைய நாள் விடியற்காலையில் மாற்றியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை, வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு. மீதி ஆறு நீளம் குறைந்தவை. மாற்றியவர் கவனமில்லாதவர் அல்ல, அனுபவமுள்ள ஷிஃப்ட் மேனேஜர். ஆள் பற்றாக்குறை, தானே இறங்கி வேலை செய்தார். பாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் பொருத்திப் பார்த்து எடுத்தார். அந்தப் பழைய போல்ட்டே சரியானது அல்ல.

நானும் கண்ணால் பொருத்திப் பார்த்து ஸ்க்ரூ எடுத்தவன்தான். யார்தான் எடுக்கவில்லை? இதைப் படித்த வாரத்திலிருந்து பாகப் பட்டியலைத் திறக்காமல் ஒரு வாஷர்கூட மாட்டுவதில்லை. கனடாவின் கார்டன் டுபான்ட் 1990-களில் தொகுத்த 'டர்ட்டி டஸன்' என்ற பன்னிரண்டு காரணங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், இந்தச் சம்பவத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். களைப்பு, வளப் பற்றாக்குறை, நேர நெருக்கடி, 'இப்படித்தான் எப்பவும் செய்வோம்' என்ற பழக்கம். ஒவ்வொன்றாக வரும்.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் தடையாகுமா?

கொஞ்ச நாள் தடைதான். பராமரிப்பு ஆவணங்கள் எழுதப்பட்ட மொழியில் வாசிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதனால் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் சின்ன உலகம். சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நானும் தமிழ் வழிதான். கருத்தைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டு, சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் நோட்டில் எழுதினேன். ஏஎம்எம்மில் (விமானப் பராமரிப்புக் கையேட்டில்) தினமும் ஒரு பணியை முழுதாக, எச்சரிக்கைக் குறிப்பு உட்பட, வாய்விட்டு வாசியுங்கள். ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும்.

ஷிஃப்ட் வேலைக்கு நடுவே எப்படி நேரம் கிடைக்கும்?

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் படிக்காதீர்கள், தூங்குங்கள். களைப்போடு படித்தது எனக்கு எதுவும் நிற்கவில்லை. மாலை எழுந்து வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம், அது போதும். வார விடுமுறையில் ஒரு நாளை வீட்டுக்கு விடுங்கள். அறையில் கூட இருக்கும் ஒருவரும் எழுதுகிறார் என்றால் நல்ல அதிர்ஷ்டம். நானும் நண்பர் ஒருவரும் சமைக்கும்போது மாறிமாறிக் கேள்வி கேட்டுக்கொள்வோம். மாட்யூல் 15-இல் பாதி வெங்காயம் நறுக்கும்போது படித்தது.

தேர்வு எங்கே எழுதுவது? தோற்றால்?

பார்ட்-147 அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களும் சில நாடுகளின் விமான அதிகார அமைப்புகளும் நடத்துகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே தேர்வு நடத்தும் மையங்களும் உண்டு. பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். எண், எந்த வகைக்கு அனுமதி, உங்கள் ஊரில் தேர்வு நடத்த அனுமதி உண்டா என்று எல்லாம் பாருங்கள். 'தேர்ச்சி உறுதி' என்று எவராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். பின்னாளில் அந்தத் தேர்வு செல்லாது என்று ஆனால், பணத்தோடு வருடங்களும் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அப்படி நடந்தது.

தோற்ற மாட்யூலை 90 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம். பார்ட்-147 பள்ளியில் அந்தப் பாடத்துக்கு மறுபயிற்சி பெற்றால் 30 நாள். தொடர்ந்து மூன்று முறை தோற்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 70 சதவீதம் வாங்கித் தோற்பது வலிக்கும். தேர்வு முடிந்து வெளியே வந்தவுடன், தெரியாத தலைப்புகளை மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

அனுபவ லாக்புக் எப்படி எழுதுவது?

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து எழுதுங்கள். என் பெரிய வருத்தம் இதில்தான். முதல் ஒன்றரை வருடம் நான் ஒழுங்காக எழுதவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அந்த மாதங்களில் ஒரு பகுதியை என்னால் காட்டவே முடியவில்லை.

தேதி, விமானப் பதிவெண், விமான வகை, ஏடிஏ அத்தியாயம் (விமான அமைப்புகளுக்குத் தரும் பொதுவான எண்), செய்த வேலை, டாஸ்க் கார்டு எண், மேற்பார்வை செய்தவரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். 'உதவினேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். கழற்றினேனா, மாட்டினேனா, சோதித்தேனா, பழுது கண்டுபிடித்தேனா என்று எழுதுங்கள். வேலைகள் ஒரே இடத்தில் குவியக் கூடாது. 200 பக்கமும் 32, அதாவது லேண்டிங் கியர் என்றால் கேள்வி வரும். 24 மின்சாரம், 27 ஃப்ளைட் கன்ட்ரோல், 28 எரிபொருள், 29 ஹைட்ராலிக், 49 ஏபியு (துணை மின்னாற்றல் தரும் சிறிய எஞ்சின்), 71 முதல் 80 வரை எஞ்சின் என்று பரவ வேண்டும். ஒன்றில் ஆள் வேண்டும் என்று தெரிந்தால் சூப்பர்வைசரிடம் போய்க் கேளுங்கள்.

லைசென்ஸை இயாசா நேரடியாகத் தருவதில்லை, உறுப்பு நாடு ஒன்றின் அதிகார அமைப்புதான் தரும். ஐரோப்பாவுக்கு வெளியே பெற்ற அனுபவத்தை எப்படி ஏற்பார்கள் என்று, விண்ணப்பிக்கப்போகும் அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டன் 2020 இறுதியில் இயாசாவை விட்டு வெளியேறிவிட்டது. பிரிட்டிஷ் லைசென்ஸ் இப்போது தனி.

இந்தியாவில் இது செல்லுமா? விமானப்படையில் இருந்தவர்களுக்கு?

இந்தியப் பதிவுள்ள விமானத்தை விடுவிக்க டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) லைசென்ஸ் வேண்டும். இயாசா லைசென்ஸ் மட்டும் போதாது. டிஜிசிஏ-யின் சிஏஆர்-66 விதி ஐரோப்பிய பார்ட்-66-ஐ ஒட்டி எழுதப்பட்டது. மாட்யூல் எண்கள், பாடங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒன்றே, தேர்வை டிஜிசிஏ நடத்துகிறது. ஒன்றுக்குப் படித்த படிப்பு மற்றதற்கு அப்படியே உதவும், சட்டப் பாடம் தவிர. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான தகுதி வேண்டும். அனுபவத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைச் சென்னையில் உள்ள டிஜிசிஏ மண்டல அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

தாம்பரத்தில் பயிற்சி முடித்து, விமானப்படையில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு வரும் அண்ணன்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். இயாசா விதி ராணுவ அனுபவத்தை ஏற்கிறது. ஆனால் அதோடு சிவில் விமானத்தில் கூடுதல் அனுபவம் வேண்டும். பி1, பி2-க்குக் குறைந்தது 12 மாதம் என்பது வழிகாட்டல். உங்களுக்குக் கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகப் பழக வேண்டியது சிவில் ஆவண முறையும் மாட்யூல் 10-ம்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடலாமா?

இல்லை. 18 வயதில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பார்ட்-145 நிறுவனத்தில் விடுவிக்கும் கையெழுத்துக்கு 21 ஆக வேண்டும். அதைவிட முக்கியம், அடிப்படை லைசென்ஸ் மட்டும் இருந்தால் ஏ320 மாதிரி பெரிய விமானத்தை விடுவிக்க முடியாது. அந்த விமான வகையும் எஞ்சினும் சேர்ந்த டைப் பயிற்சி வேண்டும், கோட்பாடும் நடைமுறையும். அந்த வகை லைசென்ஸில் உங்களுடைய முதல் டைப் என்றால், உண்மையான விமானத்தில் மேற்பார்வையோடு செய்யும் ஓஜேடி வேலைப் பயிற்சியும் உண்டு. இதற்கு மேல் நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் தனியாக அதிகாரம் தர வேண்டும்.

டைப் பயிற்சிக்குக் கைக்காசு போடும் முன், கம்பெனி அனுப்புமா என்று ஒரு வருடமாவது பொறுத்துப் பாருங்கள். சொந்தச் செலவில் ஒரு டைப் முடித்துவிட்டு, அந்த விமானமே இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. பயிற்சியைத் தொடங்கி முடித்தது விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஓஜேடி கிடைக்காமல் அந்த மூன்று ஆண்டு ஓடிவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

லைசென்ஸ் அட்டை 5 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கடந்த இரண்டு ஆண்டில் ஆறு மாதமாவது அந்த லைசென்ஸுக்குரிய பராமரிப்பு வேலை செய்திருந்தால்தான் அதன் உரிமைகளைப் பயன்படுத்த முடியும். அதனால் லைசென்ஸ் வந்த பிறகும் லாக்புக்கை மூடாதீர்கள். நான் இன்றும் எழுதுகிறேன்.